டைம்கீப்பருக்குக் கோதுமை ஆகாது

இனி செத்தாலும் புல்லைக் குடிப்பதில்லை! அன்றைக்கு இந்த முடிவோடுதான் டைம்கீப்பர் கண் விழித்தார்.

பஸ் டிப்போவில் நூற்றிருபது டிரைவர்களை ஒரே விசிலில் நடுங்க வைக்கிற மனுஷர். வீட்டிலோ தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் கோதுமைப்புல் சாற்றுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறார். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். மாத்திரை எடுத்துக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய் இயற்கைக்குத் தாவியிருந்தாள். பால்கனி முழுக்கத் தட்டுத் தட்டாகப் புல். ரத்தம் சுத்தமாகுமாம், வழுக்கையில் முடி முளைக்குமாம், முகம் மின்னுமாம். சக்கையைக்கூட விடுவதில்லை, முகத்தில் அப்பிக்கொண்டு, பச்சைப் பசேலென்று வந்து நின்று டம்ளரை நீட்டுவாள். காலங்கார்த்தாலே அந்தக் கோலத்தைப் பார்த்தால் யாராயிருந்தாலும் பயத்தில் வாயைத் திறந்துவிடுவார்கள்.

"இங்க பாரு, எனக்கு கோதுமை ஒத்துக்கலை. உடம்பெல்லாம் அரிக்குது, தொண்டை அடைக்குது. ஒவ்வாமை!"

"ஐயையோ, எப்போலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து."

"முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று அந்த டம்ளரை அவளே குடித்துவிட்டாள்.

அடடா, இவ்வளவு சுலபமா! டைம்கீப்பர் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு உட்கார்ந்தார். டீ வந்தது. பிஸ்கட் வரவில்லை.

"பிஸ்கட் எங்கே?"

"அது மைதாங்க. மைதா எதுலேர்ந்து வருது? கோதுமையிலேர்ந்து!"

பிஸ்கட் என்றால் அவருக்கு உயிர். டீயில் நனைத்து, உடைந்து விழுவதற்குள் வாய்க்குள் தள்ளுவதில் மன்னன். பிஸ்கட் இல்லாத டீ அவருக்கு வெந்நீர்தான். போகட்டும், டிப்போ கேன்டீன் எதற்கு இருக்கிறது என்று கிளம்பினார். அங்கே பிஸ்கட் பாட்டில்மேல் 'டைம்கீப்பருக்குக் கொடுக்காதே' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

"வீட்டம்மா போன் பண்ணாங்க சார்," என்றார் கேன்டீன்காரர். "தின்னா மூச்சே நின்னுடுமாமே! என் கையால அந்தப் பாவம் வேண்டாம்."

பிரெட் போச்சு, பன் போச்சு, கேக் போச்சு. எட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். விசிலில் காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. டிரைவர்கள் பாவப்பட்டு அவர்களாகவே பஸ்ஸை நேரத்துக்கு எடுத்தார்கள்.

ஒன்பதாம் நாள் காலை, மறுபடி அதே பச்சை டம்ளர்.

"கோதுமை ஆகாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"இது கோதுமை இல்லீங்க, பார்லிப்புல். உங்களுக்குன்னே தனியா விதைச்சேன்."

டைம்கீப்பருக்கு அழுகையே வந்துவிட்டது. பிஸ்கட்டும் கிடையாது, புல்லும் குடிக்க வேண்டும் என்றால் ஒரு மனுஷன் எதற்காகப் பொய் சொல்வது?

"அம்மா தாயே! எனக்கு ஒவ்வாமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா சொன்னேன். ஒரே ஒரு பிஸ்கட் குடு!"

"தெரியும். கடையில இந்த மாதிரி வியாதிக்காரங்களை எத்தனை பேரைப் பார்க்கிறேன்! உங்க வாயாலேயே வரட்டும்னுதான் இருந்தேன்."

தட்டு நிறைய பிஸ்கட் வந்தது. கூடவே இன்னொரு டம்ளரும் வந்தது, பச்சையாக.

"கோதுமைதான் ஒத்துக்குதே, இதையும் குடிச்சிடுங்க. ரெண்டும் காலியானாத்தான் பிஸ்கட்."

டைம்கீப்பர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எதை முதல்ல குடிக்கட்டும்?" என்று கேட்டார்.