மாவு அக்காவின் ஒரு குதிரை

கொரட்டூரில் உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமலே அத்தனை வேகமாகப் போனவர் மாவு அக்கா ஒருவர்தான். ஏரிக்காற்றுகூட அவரை எட்டிப் பிடித்திருக்காது.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஸ்டேஷன் போகும் வழியில் இட்லி மாவு விற்பவர். அதனால் மாவு அக்கா. ஆனால் எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது கடையில் அல்ல. ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி ஜிம்மில். நான் அங்கே போனதற்குக் காரணம் களைப்பு. எழுந்திருக்கும்போதே களைப்பு, ரயிலில் நின்றுகொண்டு போகும் களைப்பு, இன்சூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்தே கிடக்கும் களைப்பு. வாடகைக்கு வந்து வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட குடித்தனக்காரர் மாதிரி அது என் உடம்பில் குடியிருந்தது. டாக்டர், "சைக்கிள் மிதிங்க, சரியாயிடும்" என்றார். மூன்று மாடி ஏறி, எங்கேயும் போகாத சைக்கிளை மிதித்துவிட்டு, மூன்று மாடி இறங்கினால் களைப்பு எப்படிப் போகும் என்று கேட்கவும் எனக்குத் தெம்பில்லை.

அக்காவுக்குச் சர்க்கரை. நடக்கச் சொன்னார்களாம். ஏரிப் பக்கம் நாய் துரத்துகிறது என்று சைக்கிளுக்கு வந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டிய வயது, அகலமான தோள், சுடிதாருக்கு மேல் மகனுடைய பழைய கிரிக்கெட் சட்டை, முழங்கையில் காய்ந்த மாவு. நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடும் பயிற்சியாளர் முதல் நாள், "ஆன்ட்டி, முக்கால் மணி நேரம் ஒரே சீரா மிதிங்க" என்றார்.

"மொதல்ல அக்கான்னு கூப்டு. அப்பால, ஒரே சீரா சுத்திகினே கீறதுக்கு நான் இன்னா கிரைண்டரா?"

மாஸ்டர் சமாளித்துக்கொண்டார். "சரிக்கா. அப்போ ஸ்பிரின்ட் போடுங்க. பத்தே செகண்ட். உள்ள பலத்தையெல்லாம் போட்டு மிதிக்கணும்."

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு மிதித்தார். சைக்கிள் முனகியது. பக்கத்துச் சைக்கிளில் என் தண்ணீர் பாட்டில் அதிர்ந்து கீழே விழுந்தது. நின்றதும் எதிரே இருந்த சின்னத் திரையைக் காட்டி, "இது இன்னா நம்பரு?" என்றார்.

"உங்க பவர்க்கா. நீங்க மிதிக்கிறது எத்தனை வாட்டுன்னு காட்டும்."

"எங்கூட்டு கிரைண்டர் மோட்டார்ல ஒரு ஹெச்.பி.ன்னு போட்டுக்கீது. அது எத்தினி வாட்டு?"

"ஒரு குதிரையோட சக்திக்கா. எழுநூத்தி நாப்பத்தாறு வாட்."

"அப்போ நானு?"

"இப்போதைக்கு அரைக் குதிரை."

"முன்னாடி பாதியா, பின்னாடி பாதியா?"

நான் சிரித்துவிட்டேன். அக்காவுக்கு அது விளையாட்டில்லை என்பது சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. கடையில் அவருடைய வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். மாவு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், "எல்லாம் மெஷின் பண்ணுது சார், இவ சொம்மா பக்கத்துல நிக்கிறா" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அதே நகைச்சுவை. அரிசி ஊறவைத்து, களைந்து, குண்டான் குண்டானாகத் தூக்கி இறக்கும் அக்காவும் கூடவே சிரித்து வைப்பார்.

"ஒரே ஒரு தபா அந்த மோட்டார தாண்டிட்டேன்னு வெச்சிக்கோ சார், அப்பால அந்த ஆளு வாயத் தொறக்கட்டும், பாக்கலாம்" என்றார் என்னிடம்.

ஆரம்பித்தது வேட்டை. காலுக்கு வலு வேண்டும், எடை தூக்கிக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும் என்றார் மாஸ்டர். அன்று சாயங்காலம் கடை வழியாகப் போனேன். வாசலில் நாலைந்து பேர் பாத்திரத்தோடு நிற்கிறார்கள். உள்ளே அக்கா, மாவுக் குண்டானைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறார். "செட்டு முடியட்டும், தரேன்" என்கிறார். வீட்டுக்காரர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெடலில் கால் வழுக்குகிறது என்று ஒரு நாள் பழைய புடவையைக் கிழித்து இரண்டு பாதங்களையும் பெடலோடு கட்டிக்கொண்டார். ஸ்பிரின்ட் பிரமாதமாகத்தான் இருந்தது. முடிச்சுதான் அவிழவில்லை. மாஸ்டர் கத்தரிக்கோல் தேடி மெத்தைக் கடைக்கு ஓடினார். அதுவரை அக்கா சைக்கிள் மேல் இருந்தபடியே போனில் உளுந்துக்கு ஆர்டர் கொடுத்தார்.

ஒரு ஸ்பிரின்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் முழு ஓய்வு எடுத்தால்தான் பலம் கூடும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அக்கா அதை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டார். மிதித்து முடித்ததும் தரையில் பாயை விரித்து, முகத்தில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். புதிதாகச் சேர்ந்த ஒருவர் பயந்துபோய் அவர் மேல் தண்ணீர் தெளித்தார்.

"யாருப்பா அது? ரெஸ்ட்டுல கீறேன் இல்ல?" என்றது துப்பட்டா.

பாயில் படுத்தபடியே என்னையும் கவனித்திருக்கிறார். "இன்னா சார், நீ மிதிக்கவும் மாட்டேன்ற, நிறுத்தவும் மாட்டேன்ற. ஆபீஸ்லயும் இப்டித்தான் கீறியா?"

இப்படித்தான் இருக்கிறேன். பெடலை இன்னும் இரண்டு சுற்று சுற்றிவைத்தேன்.

மழைக்காலம் முழுக்க அறுநூற்றுச் சொச்சம் வாட்டிலேயே நின்றுவிட்டார். கோபத்தில் தினமும் வந்து மிதித்தார், நம்பர் இறங்கியது. "வாரத்துக்கு ரெண்டு நாள் போதும்க்கா. எடுத்த எடுப்புல பெடல அவ்ளோ டைட் வைக்காதீங்க, கால் சிக்கிக்குது. கொஞ்சம் லூசா ஆரம்பிச்சு, வேகம் வந்ததும் எழுந்து மிதிங்க" என்று கெஞ்சினார் மாஸ்டர். அக்கா முறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

தை மாதத்தில் ஒரு நாள் எங்கள் பக்கம் பகல் முழுக்க மின்சாரம் இல்லை. பாதி அரைத்த மாவு கிரைண்டரிலேயே புளித்துப் போயிற்று. வாடிக்கையாளர்கள் முன்னால் வீட்டுக்காரர், "கரண்ட் போச்சுன்னா இவ கதை அவ்ளோதான்" என்றாராம். மறுநாள் காலை அக்கா யாரோடும் பேசாமல் வந்து சைக்கிளில் ஏறினார். மாஸ்டர் தண்ணீர் கேன் வாங்கக் கீழே போயிருந்தார். கூடத்தில் நானும் அவரும் மட்டும்தான்.

வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாக ஆரம்பித்தார், எழுந்தார், மிதித்தார். சைக்கிள் தரையில் இடம்பெயர்ந்தது. நான் திரையைப் பார்த்தேன். எழுநூறு தாண்டியது. எழுநூற்று ஐம்பத்திரண்டு ஒரு கணம் நின்றது. பிறகு சரசரவென்று இறங்கிப் பூஜ்யமானது. எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத மலிவுத் திரை அது. என் போனோ மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"எத்தினி சார்?"

சொன்னேன்.

"எனக்கோசரம் சொல்லலியே?"

"இல்லக்கா. கண்ணால பார்த்தேன்."

ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. "அழறீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"ரெஸ்ட்டு" என்றார்.

மாஸ்டர் வந்து, படம் இல்லாமல் எப்படி நம்புவது என்றார். அக்கா அவரைச் சட்டை செய்யவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார். "நீயே சொல்லு சார் அந்த ஆளாண்ட."

நான் விவரமாகச் சொன்னேன். கேட்டு முடித்ததும் வீட்டுக்காரர், "கால் வலிக்குதான்னு கேளு சார்" என்றார்.

மெஷின் நகைச்சுவை அதோடு நின்றது. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் நம்ப மறுக்கிறார்கள். உடனே அக்கா எனக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். மேனேஜர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, ரயிலில் ஒரு கையால் தொங்கிக்கொண்டிருக்கும்போது, நான் சாட்சி சொல்லியிருக்கிறேன். போன வாரம் ஒருவர், "நெசமாவே ஒரு குதிரையா சார்?" என்று இழுத்தார்.

"ஒன்றரை இருக்குங்க" என்றேன்.

களைப்பு இன்னும் போகவில்லை. யார் போன் செய்தாலும் அது அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுகிற ஆள் நான். அக்காவின் நம்பர் என்றால் மட்டும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.