கபீலின் கார்கள் ஃபீல்டிங் நின்ற கதை

ஃபர்வானியா, குவைத்.
வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அருள்ராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை நாகஜோதியின் கணவனும், தங்கள் அணியின் நிரந்தரக் கடைசி ஆட்டக்காரனுமாகிய முனியசாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அறையில் உள்ளவர்களும் ஏசி ஓடுகிற வரைக்கும் நலம். அங்கே தாங்கள், மாமா, அத்தை, நாகஜோதி, பாப்பா, சினையாக இருக்கும் செவலைப் பசு எல்லோரும் நலமாக இருக்கக் கருப்பசாமியை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். மச்சான், உங்கள் போன் எந்நேரமும் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது. போன தடவை எனக்கு வயிறு சரியில்லை என்று உங்களிடம் மட்டும் சொன்னேன், மறுநாள் டீக்கடைக்காரர் எனக்கு வாட்ஸ்அப்பில் கஷாயம் சொல்லி அனுப்புகிறார். இது நாகஜோதிக்குத் தெரியக்கூடாத சங்கதி. எங்கள் அறையில் இருக்கும் முகம்மது சித்தீக் நாளைக் காலை விமானத்தில் இளையான்குடிக்குப் போகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

முதலில் நன்றி. பாப்பாவுக்குக் காது குத்தும் நாளை எனக்காகத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தீர்கள். நான் பிளேன் ஏறிய பிறகு பிறந்த பிள்ளை, இன்று வீட்டுக்குள் ஓடி விளையாடுகிறது. "அப்பன் வந்துதான் காது குத்தணும்னா கெழவி ஆனப்பெறகுதான் குத்தணும்" என்று சொந்தக்காரர்கள் பேசியதும், "தாய்மாமன் மடி என் மடிதானே, அவரு வராம நான் உக்கார மாட்டேன்" என்று நீங்கள் சண்டைக்குப் போனதும் நாகஜோதி அழுதுகொண்டே சொன்னாள். அதைக் கேட்டு இங்கே நானும் அழுதேன். சோறு பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் அழுதேன், அறையில் எல்லோரும் திட்டினார்கள்.

லீவு ஏன் கிடைக்கவில்லை, இப்போது எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்கிறேன். ஆம், கிடைத்துவிட்டது! அதற்குக் காரணமே நீங்கள்தான். எப்படி என்று கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் மணல் பார்க்கிங்கில் நாங்கள் டென்னிஸ் பந்து வைத்துக் கிரிக்கெட் ஆடுவது வழக்கம். ஏசி கம்ப்ரஸர் வந்த அட்டைப்பெட்டிதான் ஸ்டம்ப். ஒரு வெள்ளிக்கிழமை நான் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிய சுற்றில் பந்து போய் ஒரு வெள்ளை லேண்ட் க்ரூசரின் பக்கக் கண்ணாடியை உடைத்தது. அது யாருடைய வண்டி? நான் வேலை பார்க்கும் ஏசி ஒர்க்‌ஷாப்பின் முதலாளி, எனக்கு விசா கொடுத்த கபீல் அபு மிஷாரியுடைய வண்டி. ஊரெல்லாம் வண்டி நிற்கிறது, என் பந்துக்கு அதுதான் கிடைத்தது. அவர் கதவைத் திறந்து இறங்கிவந்தார். மச்சான், இந்த ஊரில் அரபிகளுக்குத் தெரிந்ததெல்லாம் கால்பந்து ஒன்றுதான். கிரிக்கெட் மட்டையைப் பார்த்து, நாங்கள் துணி துவைக்க வந்திருக்கிறோம் என்றே நினைத்திருக்கிறார்.

நான் பயத்தில் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றேன். "ஏன் போய்விட்டாய்?" என்று கேட்டார். அவருக்குப் பாதி இந்தி, எனக்குப் பாதி அரபி, இரண்டையும் சேர்த்தால் ஒரு பேச்சு வரும். "முதலாளி, கார்ல பட்டா அவுட்டு. கலாஸ், முடிஞ்சுபோச்சு" என்றேன். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். காரில் பந்து பட்டால் அடித்தவனே தண்டனை வாங்கிக்கொண்டு வெளியே போகிறானா? இப்படி நியாயமான விளையாட்டு உலகத்தில் இருக்கிறதா? கால்பந்தில் தன் வண்டி எத்தனை தடவை நசுங்கியிருக்கிறது, ஒருவனாவது வெளியே போனானா? கண்ணாடியை மறந்துவிட்டார். "யல்லா முனி, எனக்கும் கற்றுக்கொடு" என்றார்.

நான் என்ன செய்ய? எனக்குத் தெரிந்த கிரிக்கெட் நம் ஊர்க் கண்மாய்க் கிரிக்கெட். அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பிட்ச் குத்தி ஒற்றைக் கையில் பிடித்தால் அவுட். சுவரைத் தாண்டி அடித்தால் அவுட், அடித்தவனே போய் எடுத்துவர வேண்டும். முதல் பந்து ட்ரை பால், அதில் அவுட்டானால் கணக்கில்லை. மட்டை யாருடையதோ அவருக்கு முதல் பேட்டிங். மறுவாரமே அவர் ஆறு மட்டைகள் வாங்கிவந்துவிட்டார், அதனால் அவருக்கே ஆறு தடவை பேட்டிங் வந்தது.

பிறகு அவருடைய சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் எல்லாம் வரத் தொடங்கினார்கள். வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரன் ஓடுவார்கள், நடுவில் நின்று காவா என்கிற அரபிக் காப்பி குடிப்பார்கள். ஆனால் மூளை இருக்கிறதே, அது நமக்கு வராது மச்சான். காரில் பட்டால் அவுட் என்ற சட்டத்தை நாம் சிறு வயதிலிருந்து வைத்திருக்கிறோம், ஒருநாளாவது இப்படி யோசித்தோமா? ஃபீல்டிங் செய்ய வேண்டிய அணி தன் வண்டிகளைக் கொண்டுவந்து எங்கே கேட்ச் போகுமோ அங்கே நிறுத்திவிடும்! மிட்விக்கெட்டில் ஒரு லேண்ட் க்ரூசர், கவரில் ஒரு பிக்கப், ஸ்லிப்பில் அவர் மகனுடைய சின்னக் கார். ஆட்கள் நிழலில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் சாப்பிடுவார்கள். நான் பந்தை எந்தப் பக்கம் தட்டினாலும் டங்கென்று ஒரு சத்தம், "அவுட், அவுட்!"

இத்தனைக்கும் நடுவில் நான் லீவு கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். "போட்டி முடியட்டும், முனி. வாத்தியார் இல்லாமல் எப்படி?" என்பார். எந்தப் போட்டி என்று கேட்டேன். கம்பெனிகளுக்குள் நடக்கும் ஒரு போட்டியில் அவர் எங்கள் ஒர்க்‌ஷாப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

போட்டி நடந்தது நிஜ மைதானத்தில். நிஜ ஸ்டம்ப். அம்பயராக நின்றவர் சென்னைக்காரர், பாஸ்கர் சார், எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். கபீல்தான் முதலில் இறங்கினார். முதல் பந்திலேயே நடு ஸ்டம்ப் பறந்தது. அவர் அசையவில்லை. ஸ்டம்பை அவரே எடுத்து நட்டுவிட்டு, பவுலரைப் பார்த்து, இனிப் போடு என்று கையைக் காட்டினார். பாஸ்கர் சார் விரலைத் தூக்கினார். கபீலும் சிரித்துக்கொண்டே தன் விரலைத் தூக்கிக் காட்டி, "ட்ரை பால்" என்றார்.

"ட்ரை பாலா? அதெல்லாம் கெடையாதுங்க. அவுட்னா அவுட்."

"முனி! இவருக்குத் தெரியாது போல. நீ வந்து சொல்."

மைதானமே என்னைப் பார்த்தது. நான் குனிந்து, கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினேன். ஒருவழியாகக் கபீல் வெளியே வந்தார் என்று பார்த்தால் அடுத்த கூத்து. எப்படியோ ஆளாளுக்கு இரண்டு மூன்று ரன் சேர்த்துவிட்டு நாங்கள் ஃபீல்டிங் இறங்க வேண்டிய நேரம் வந்தது. வாசல் கேட்டைத் திறந்துகொண்டு வரிசையாக நாலு லேண்ட் க்ரூசர்கள் மைதானத்துக்குள் நுழைந்தன. பாஸ்கர் சார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரே ஓடினார். "யோவ், யாருய்யா இவங்களுக்குக் கிரிக்கெட் சொல்லிக் குடுத்தது?" என்று தமிழில் கத்தினார். ஏதோ எனக்குத் தமிழே தெரியாத மாதிரி வானத்தைப் பார்த்தேன்.

தோற்றோம். அதைவிட மோசம், எதிர் அணிக்காரர்கள் சிரித்த சிரிப்பு. கபீல் என்னைத் தன் வண்டியில் ஏறச் சொன்னார். எனக்கு லீவு போனது, வேலையும் போனது என்றே முடிவுகட்டிவிட்டேன். காதில் ஓட்டையில்லாத என் பிள்ளை கண்முன்னே வந்தது. கடையோரம் வண்டியை நிறுத்தினார்.

"முனி, இந்தச் சட்டமெல்லாம் எந்த நாட்டில் இருக்கிறது?"

"எந்த நாட்டுலயும் மாஃபி, கெடையாது முதலாளி. எங்க ஊரு கண்மாய்ல மட்டுந்தான்."

"ட்ரை பால்?"

அதற்கும் நான் பொய் சொல்லவில்லை, மச்சான். உலகத்தில் வேறு எங்கெங்கே இருக்கிறதோ, நம் கண்மாய்க்கு அதைக் கொண்டுவந்தது நீங்கள். நான் எப்போது இறங்கினாலும் முதல் பந்தில் அவுட்டாவேன். ஊரே சிரிக்கும். நீங்கள்தான் ஒருநாள், "மொதப் பந்துக்கு மனுசனுக்கு உதறத்தாண்டா செய்யும், அதைக் கணக்குல எடுக்காதீங்க" என்று சட்டம் போட்டீர்கள். அதைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "அவர் மடியில்தான் என் மகளுக்குக் காது குத்தணும், நான் இன்னும் என் மகளைத் தொட்டதே இல்லை, என்னை மன்னிச்சிருங்க முதலாளி" என்று அந்தப் பாதி அரபியிலேயே சொல்லிமுடித்தேன்.

அவர் என் தோளில் ஒரு தட்டு தட்டினார். "இன்று நீ செய்தது ட்ரை பால். நோ அவுட். யல்லா, போய் மகளைப் பார்த்துவிட்டு வா."

மச்சான், இதற்கு நான் உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? அன்று என் மானத்தைக் காப்பாற்றப் போட்ட சட்டம், கடல் தாண்டி வந்து என் பிழைப்பையும் காப்பாற்றிவிட்டது. நீங்கள் நல்லா இருக்கணும்.

தை பிறந்து வரும் முதல் முகூர்த்தத்துக்கு நாள் குறித்துவிடுங்கள். நாகஜோதியிடம் மூச்சு விட வேண்டாம், திடீரென்று போய் நிற்க ஆசை. விசேஷத்தைச் சின்னதாக, நம் வீட்டு ஆட்களோடு வைத்துக்கொள்வோம். பாப்பாவைப் பற்றிக் கவலையே இல்லை. தினமும் வீடியோவில் பார்க்கிறாளே, என்னைக் கண்டதும் ஓடிவந்து ஒட்டிக்கொள்வாள். பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், பாப்பாவுக்கு முத்தத்தையும், பசுவுக்கு ஒரு கைப்பிடிப் புல்லையும் என் பெயரால் கொடுக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்
முனியசாமி

பின்குறிப்பு: சித்தீக் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருக்கும்போது இதை எழுதுகிறேன். மேலே எழுதியதில் பாதியை அடித்துவிடுங்கள். கபீலும் என்னோடு வருகிறார். கூடவே அவருடைய அத்தை பிள்ளைகள் இரண்டு பேர். அந்தச் சட்டமெல்லாம் பிறந்த கண்மாயை நேரில் பார்க்க வேண்டுமாம், உங்களோடு ஒரு மேட்ச் ஆட வேண்டுமாம். ஆகவே சின்ன விசேஷம் என்பது போய்விட்டது, கிடாயைப் பெரிதாகப் பாருங்கள். கண்மாய்ப் பக்கம் நிற்கும் டிராக்டர்களை அப்புறப்படுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அவற்றையும் அவர் ஃபீல்டிங்குக்கு நிறுத்திவிடுவார்.

ரகசியமும் போய்விட்டது. சற்றுமுன் கபீலே என் போனில் நாகஜோதியை வீடியோவில் கூப்பிட்டு "முனி வருகிறான்" என்று சொல்லிவிட்டார். அங்கே போனை வாங்கிப் பார்த்த பாப்பா அவர் தாடியைப் பார்த்து "ப்பா" என்றாள். போனுக்குள் யார் வந்தாலும் அவளுக்கு அப்பாதானாம், நாகஜோதி சொன்னாள்.

அதனால் மச்சான், ஓடிவந்து ஒட்டிக்கொள்வாள் என்று எழுதியிருக்கிறேனே, அதையும் அடித்துவிடுங்கள். வாசலில் நான் கையை நீட்டும்போது வர மாட்டாள். அழுதுகொண்டு உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அப்போது யாரும் சிரிக்காமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அது ட்ரை பால் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும். நான் மறுபடியும் கையை நீட்டுகிறேன்.