உரித்தெடுத்த அபிப்பிராயங்கள்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு திருட்டுதான் செய்திருக்கிறேன். பணம் இல்லை, நகை இல்லை, அபிப்பிராயம். ஐந்து பாகச் சரித்திரக் காதல் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு யாரோ ஒரு அம்மாள் கைப்பட எழுதி வைத்திருந்த கருத்துகளை, என்னுடையவை என்று ஒரு கூட்டத்தில் வாசித்தேன். அதோடு விட்டிருந்தால்கூட மன்னிப்பு உண்டு. தடயம் தெரியக் கூடாதென்று அசலையும் உரித்துவிட்டேன். எழுதியவர் அப்போது உயிரோடு இல்லை, அந்த எழுத்தை ஒருவர் தேடிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். அடுத்தவர் தைத்ததில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. (வீட்டிலும் அதையே செய்வதாக என் மனைவி சுகந்தி சொல்வாள். நம்ப வேண்டாம்.) துணியில் ஓட்டை, கறை, நீடில் லைன் என்று நாங்கள் சொல்லும் நெடுக விழுந்த ஊசிக்கோடு, தையல் விட்ட இடம் எதைக் கண்டாலும் அங்கே சிவப்பு அம்பு போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவோம். குறையைச் சரிசெய்ததும் அதை உரித்துவிட வேண்டும். ஸ்டிக்கரோடு ஒரே ஒரு பீஸ் பெட்டிக்குள் போய்விட்டாலும் வெளிநாட்டிலிருந்து வசவு வரும். அதனால் எங்கள் விரல்களுக்கு ஸ்டிக்கரைக் கண்டால் சும்மா இருக்கத் தெரியாது. உரித்து, மேஜைக்காலில் ஒட்டிவிட்டு, அடுத்த பீஸை எடுப்போம்.

சுகந்தி நிஜமான வாசகி. திருப்பூர் ராயபுரத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்துக்குத் தவறாமல் போவாள். ஒருநாள் சாப்பிடும்போது, "கோட்டைக்கு இரண்டு வாசல் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். ஒரே அரச குடும்பத்து அண்ணன் தம்பி இருவரும் நாட்டை இரண்டாக்கிக்கொண்டு அடித்துக்கொள்கிற கதை அது. அண்ணன் பக்கத் தளபதியின் மகள் தேன்மொழி, தம்பி பக்கத்து வீரன் விடங்கனைக் காதலிக்கிறாள். இதெல்லாம் அட்டையின் பின்பக்கத்திலேயே போட்டிருக்கும். நான் படித்ததும் அந்தப் பின்பக்கம் மட்டும்தான்.

"அதா? காலேஜ்லயே அஞ்சு பாகமும் முடிச்சாச்சு," என்றேன்.

சுகந்தி என்னைப் புதிதாகப் பார்ப்பவள் மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. மறுநாளே அடுத்த கூட்டத்துக்குப் பேச்சாளராக என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வட்டத்தின் பீரோவிலிருந்து அந்த ஐந்து பாகங்களையும் ரகசியமாக வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். வீட்டில் வைத்து முதல் பக்கத்தைப் புரட்டினால் குட்டு உடைந்துவிடும் இல்லையா? வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே இருந்தார். உள்ளே முந்நூறு மெஷின்களும் உறை போட்டுக் கிடந்தன. ஆர்டருக்குத் தைத்த சாம்பல் நிற டி-சர்ட்டுகள் ஹேங்கரில் வரிசையாக, தலையில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன. வார நாட்களில் காது கிழியும் அந்த ஹாலில் நான் பக்கம் திருப்பும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

முதல் பாகம், பதினோராம் பக்கம். போர் எதனால் வந்தது என்று ஆசிரியர் வம்ச வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார். கண் சொருகியது. திடுக்கிட்டு விழித்துப் பக்கத்தைத் திருப்பினால், ஓரத்தில் ஒரு வெள்ளை லேபிள். அதன் மூலையில் சிவப்பு அம்பு. எங்கள் மேஜையில் இருக்கும் அதே அம்பு. லேபிளில் நீலப் பேனாவில் உருண்டையான கையெழுத்து.

"தூங்கிடாதீங்க. இனிமேத்தான் கதையே இருக்குது."

சிரித்தேன். யாரோ செக்கிங்கில் வேலை பார்த்த வாசகர், நாவலையே பீஸ் மாதிரி செக் பண்ணியிருக்கிறார் என்று நினைத்தேன். நாற்பதாம் பக்கத்தில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியைத் தேடினேன். மேஜையில் இல்லை. அடுத்த பக்கத்தில் லேபிள்: "கண்ணாடி சட்டைப் பையிலதான் இருக்கும், பாருங்க."

சட்டைப் பையில்தான் இருந்தது.

இப்போது சிரிப்பு வரவில்லை. ஃபேன் சுற்றாத ஹாலில் ஒரே ஒரு டி-சர்ட் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. டீ குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்தேன். எழும்போதே கை பக்கத்தைத் திருப்பிவிட்டது. "இப்ப மூடிட்டு டீ குடிக்கக் கிளம்புவீங்க. போயிட்டு வாங்க, நான் இங்கயேதான் இருப்பேன்."

நான் டீ குடிக்கப் போகவில்லை. (தைரியசாலி என்பதால் இல்லை. வாசலுக்கு அந்தச் சட்டைகளுக்கு நடுவேதான் போக வேண்டும்.)

அதன்பிறகு கதையை விட்டுவிட்டு லேபிள்களை மட்டும் படித்தேன். சும்மா சொல்லக் கூடாது, ஒவ்வொன்றும் அற்புதம். விடங்கன் ஒரு வருஷமாகத் தேன்மொழிக்குச் சேதி அனுப்பாத இடத்தில், "வாளைத் தீட்ட நேரமிருக்குது, ஓலை எழுத நேரமில்லையாக்கும்." இருவரும் ஆற்றங்கரையில் சந்திக்கும் இடத்தில், "இந்தக் காதல்ல நீடில் லைன் இருக்குது. எட்ட நின்னா தெரியாது, வெளிச்சத்துல புடிச்சா நெடுகத் தெரியும்." போருக்கு முன் இரண்டு படையும் கிடாவெட்டும் இடத்தில், "ரெண்டு பேருக்கும் ஒரே குலதெய்வம். சாமி யாரு பக்கம் நிக்குமாம்?" என்னால் ஏழு ஜென்மம் எடுத்தாலும் இப்படி ஒன்று எழுத முடியாது. ஆகவே நோட்டை எடுத்துக் காப்பியடித்தேன்.

ஐந்தாம் பாகத்தில் லேபிள்கள் குறைந்தன. கையெழுத்து கோணலாகி, வரி கீழே சரிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கடைசி லேபிள்.

"எனக்கு இதுக்கு மேல கண்ணு எட்டலை. மீதியை நீங்க படிச்சு எனக்குச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பக்கங்கள் வெறுமையாக இருந்தன. யாரிடம் சொல்வது? எப்படிச் சொல்வது? திரும்பிப் பார்த்தால் தலையில்லாத சாம்பல் சட்டைகள் மொத்தமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

புத்தி உள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் அயர்ன் செக்‌ஷனுக்குப் போய் ஸ்டீம் பாக்ஸைப் போட்டேன். கூட்டத்தில் யாராவது புத்தகத்தைப் புரட்டினால் என் பேச்சு முழுவதும் ஓரத்தில் ஒட்டியிருக்குமே! ஆவி காட்டியதும் பசை இளகியது. ஒவ்வொன்றாக உரித்து, பழக்க தோஷத்தில் என் மேஜைக்காலில் கிடைத்த இடத்திலெல்லாம் ஒட்டினேன். கால் முழுக்க வெள்ளையாகிவிட்டது. அந்தக் கடைசி லேபிளை மட்டும் தொடவில்லை. தொடப் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு கூட்டம். முப்பது பேர் இருப்பார்கள். ஐந்து பாகங்களும் மேடை மேஜையில் அடுக்கியிருந்தன. முதல் கருத்துக்கே கைதட்டல். நீடில் லைனுக்கு ஹாலே சிரித்தது, பாதிப் பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். சுகந்தி முன்வரிசையில் பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தாள். நானும் கொஞ்சம் மிதந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"இரண்டு பக்கத்தாருக்கும் ஒரே குலதெய்வம்," என்று சொல்லிவிட்டு, ஒரு பிரமாதமான பேச்சாளர் செய்வதுபோல நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.

"சாமி யாரு பக்கம் நிக்குமாம்?"

கடைசி வரிசையிலிருந்து வந்தது அந்தக் குரல். தண்ணீர் புரையேறியது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், மடியில் மஞ்சள் பையோடு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தற்செயலாக இருக்கும் என்று அடுத்ததற்குத் தாவினேன். "இவனுக்கு வாளைத் தீட்ட நேரமிருக்கிறது…"

"ஓலை எழுத நேரமில்லையாக்கும்," என்றது குரல்.

நோட்டில் இருப்பது எனக்கும் அந்த லேபிள்களுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். நோட்டை மூடினேன். பெரியவர் எழுந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க. எம்பேரு நாச்சிமுத்துங்க, சாமளாபுரத்துல தறி வெச்சிருக்கறனுங்க. தம்பி சொல்றதெல்லாம் என்ற ஊட்டுக்காரி சரசு சொன்னதுங்க. செக்கிங் வேலைக்குப் போயிட்டு வந்து, எனக்குச் சோறு போட்டுட்டே இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித் திட்டுவா. அவ போய் ஒன்றரை வருசமாச்சுங்க."

அவர் மேடைக்கு வந்தார்.

"நான் படிக்கோணும்னுதான் ஓரத்துல எழுதி எழுதி ஒட்டுனா. அப்பறம் படிக்கலாம், அப்பறம் படிக்கலாம்னே இருந்துட்டனுங்க. பையன் ஊடு ஒழிக்கறப்ப புஸ்தகத்தையெல்லாம் எடுத்து யாருக்கோ குடுத்துட்டான். எங்கெங்கியோ தேடிட்டு, இன்னைக்கு இங்க இதைப் பத்திப் பேசறாங்கன்னு கேள்விப்பட்டு வந்தனுங்க. இது அந்தப் புஸ்தகமுங்களா?"

முதல் பாகத்தை எடுத்துப் புரட்டினார். லேபிள் இருந்த பக்கங்களின் ஓரத்தில் லேசான சதுரத் தடம் மட்டும் இருந்தது. வேகமாகப் புரட்டினார். இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம். என்னைத் திட்டியிருக்கலாம். அவர் வெறும் பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "காணமே… காணமே…" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். நான் செத்துப்போகலாம் என்று நினைத்தேன்.

சுகந்தி தடத்தைப் பார்த்தாள். பிறகு என் விரல்களைப் பார்த்தாள். அவளுக்கு இந்த விரல்களைத் தெரியும்.

"ஏனுங்க," என்றாள், மிகவும் மெதுவாக. "எங்க ஒட்டுனீங்க?"

மூவரும் ஆட்டோவில் கம்பெனிக்குப் போனோம். பாதி வழியில்தான் எனக்கு அடுத்த இடி நினைவுக்கு வந்தது. ஆடிட் வருகிறதென்று, சுரண்டிப் பெயிண்ட் அடிப்பதற்காகப் பழைய மேஜைகளையெல்லாம் குடோனுக்குத் தள்ளியிருந்தார்கள். என் மேஜையும் அதில் போயிருந்தது. இதைச் சொன்னதும் நாச்சிமுத்து ஐயா மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். சுகந்தி என்னைவிட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள்.

குடோனில் மூன்று மேஜைகள் பச்சைப் பெயிண்டில் பளபளத்தன. நான்காவது, கால்கள் மேலே பார்க்கக் கவிழ்த்துக் கிடந்தது. சுரண்டுகிற தகடு அதன் மேலேயே இருந்தது. பெயிண்டர் சனிக்கிழமை வேலையை அத்தோடு நிறுத்தியிருந்தார். ஒரு கால் மட்டும் அடி முதல் நுனி வரை வெள்ளை.

மேஜையை நிமிர்த்தினோம். பெரியவர் சிமெண்ட் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடினார். சட்டைப் பையிலேயே இருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த "நீங்க" நான் இல்லை, அவர். முப்பது வருஷம் கூட இருந்து பார்த்த ஒருத்தி, புருஷன் எங்கே தூங்குவான், எங்கே டீக்கு எழுந்திருப்பான் என்று பக்கத்துக்குப் பக்கம் கணித்து ஒட்டியிருக்கிறாள். அது எனக்கும் பொருந்தியதற்குக் காரணம் பேய் இல்லை. எல்லாப் புருஷன்மாரும் ஒரே பேட்டர்னில் வெட்டியவர்கள்.

"தூங்கிடாதீங்க," என்று ஒரு லேபிளை அவர் வாய்விட்டுப் படித்தார். "தூங்கலடி. முழிச்சிட்டுத்தான் இருக்கறேன்," என்று மேஜைக்காலுக்குப் பதில் சொன்னார். சுகந்தி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் எது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அவை அவற்றின் வரிக்குப் பக்கத்தில் இருந்தால்தானே பேச்சு. தண்டனையை சுகந்தி விதித்தாள். ஞாயிறுதோறும் நான் சாமளாபுரம் போய், ஐந்து பாகங்களையும் முதல் வரியிலிருந்து ஐயாவுக்கு வாசிக்க வேண்டும். பொருந்தும் இடம் வந்ததும் லேபிளை அங்கே ஒட்ட வேண்டும். தூங்கக் கூடாது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சில லேபிள்களுக்காகச் சண்டைகூடப் போட்டோம். ஐந்தாம் பாகம், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்தபோது ஐயா புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மீதியை அவரே வாசித்தார், எழுத்துக் கூட்டி, ஐந்து ஞாயிறுகள். கடைசியில் கோட்டை எரிகிறது. விடங்கன் ஒரு வாசலிலும் தேன்மொழி மறு வாசலிலும் செத்துக் கிடக்கிறார்கள்.

ஐயா புத்தகத்தை மூடிவிட்டு, சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தார். "சரசு, முடிச்சுட்டேன். ரெண்டு பேருக்கும் கண்ணாலம் ஆயிருச்சு. நல்லா இருக்கறாங்க," என்றார்.

நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க சும்மா இருங்க தம்பி," என்றார். "பொய் சொல்றதுல நீங்க மட்டுந்தான் பெரியவருங்களா?"

எல்லாம் ஒட்டி முடித்த பிறகு ஒரே ஒரு லேபிள் மிஞ்சியது. "இந்த ஆளு பேச்சை மட்டும் நம்பிடாதீங்க" என்று எழுதி, சிவப்பு அம்பு. ஐந்து பாகத்திலும் அது பொருந்துகிற இடமே இல்லை. ஒற்றன் வரும் அத்தியாயங்களை இரண்டு தரம் படித்துப் பார்த்தோம், இல்லை. பக்கங்களில் இருந்த சதுரத் தடங்களையும் எண்ணிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் லேபிள் வந்துவிட்டது. இது எந்தப் பக்கத்திலிருந்து வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஐயா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, என் சட்டைப் பையில் ஒட்டி, "இதுதானுங்க இடம்," என்றார்.

சுகந்தி அதைப் பத்திரமாக உரித்து, எங்கள் பீரோக் கண்ணாடியில், நான் தலை சீவும்போது சரியாக என் மூக்குக்கு நேரே வரும்படி ஒட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் எல்லோருக்கும் முதலில் அதைக் காட்டித்தான் காபி கொடுக்கிறாள். அதை மட்டும் உரிக்க என் விரல்களுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.