எடைக்கு எடை கருப்பட்டி

"ஏளா, இதை யாரு அவிக்கச் சொன்னா?"

இட்லித் தட்டைக் கண்டதும் வீரபாகு குதித்தார்.

"பழக்கதோசத்துல அவிச்சிட்டேங்க" என்றாள் செல்லத்தாய்.

"அப்ப நீயே தின்னு. ஒண்ணுகூட வீணாகப்படாது."

தூத்துக்குடிக் கடைத்தெருவில் உடன்குடிக் கருப்பட்டி விற்பவர் வீரபாகு. மகா கஞ்சன். போன மழைக்காலத்தில் டைபாய்டு வந்து, பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்தார். செல்லத்தாய் அழுதுபுலம்பித் திருச்செந்தூர் முருகனுக்குத் துலாபாரம் நேர்ந்துகொண்டாள். எடைக்கு எடை கருப்பட்டி. முருகனும் பிழைக்க வைத்தான். பிழைத்த மனுஷன் சும்மா இருந்தாரா? தின்று தின்று முன்னைவிட ஒரு சுற்று பெருத்துவிட்டார். கடைச் சரக்கில் பாதி கோயிலுக்குப் போகுமே என்று இப்போது வயிறு எரிந்தது.

"அந்த நேர்த்திக்கடனைப் பத்தி ஒண்ணு சொல்லணுங்க..."

"நீ சொன்ன வரைக்கும் போதும்! ஒரு தேங்காயை நேந்திருந்தா முருகன் வேண்டாம்னா சொல்லுவான்?"

துலாபாரத்துக்குள் எடையைக் குறைக்க வழி காட்டியவர் புதுத் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டாக இருந்த இன்பமணி. கப்பல்காரன் ஒருவன் தந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துவிட்டுச் சொன்னார்.

"மொதக் கட்டத்துல சோறு, இட்லி, இனிப்பு, பழம் எதுவும் ஆகாது அண்ணாச்சி. மீனு, முட்டை, கறி மட்டுந்தான். ரெண்டாங் கட்டத்துல கொஞ்சம் காய். எளைச்ச பொறவு, மூணாங் கட்டத்துலதான் சோத்தைக் கண்ணுல பாக்கலாம்."

முதல் கட்டத்திலேயே வாய் நாறத் தொடங்கியது. வாடிக்கையாளர்கள் எட்ட நின்று விலை கேட்டார்கள். புருஷன் இருக்கும்போது அவன் பங்குக்கு உலை வைக்காமல் இருப்பதா என்று செல்லத்தாய் வழக்கம்போல வடித்தாள். வீணாக்கினால் அவர் கத்துவாரே, அதையும் அவளே தின்றாள்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் கடைக்கு வந்தது. கருப்பட்டியை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். இவர் வாயில் வைக்காமல், வெறுமனே நிறத்தைப் பார்த்து ஒரு லோடு வாங்கிவிட்டார். அத்தனையும் சுண்ணாம்பு கூடின சரக்கு.

"வீட்டுல எல்லாருக்கும் நாக்கு பொத்துப்போச்சு அண்ணாச்சி!" என்று சண்டைக்கு வந்தார்கள். வாங்கிய சரக்கெல்லாம் திரும்பிவந்தது.

"ஏளா, நாளையிலேருந்து நீ கடைக்கு வந்து தின்னு பாத்துச் சொல்லு."

அவள் வந்தாள். சிப்பத்துக்குச் சிப்பம் உடைத்துத் தின்றாள். மறுபடி நல்ல சரக்கு வந்தது, கூட்டமும் வந்தது. வந்தவர்களில் சிலர் வீரபாகுவின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்து, "சீக்காளி கடையிலயா வாங்குறது?" என்று திரும்பிப் போனார்கள். பாழாய்ப்போன எடை குறைவதை நினைத்து அதையும் பொறுத்துக்கொண்டார். இரண்டாம் கட்டத்தில் கத்திரிக்காயைக் கண்டதும் அழுதேவிட்டார்.

"எனக்கு ஒரு ஜாக்கெட்டும் கொள்ளலங்க" என்றாள் செல்லத்தாய். "வேற ஆளு தின்னு பாக்கட்டுமே. துலாபாரம் வேற வருது..."

"வேற ஆளுக்குக் கூலி ஒங்க அப்பனா குடுப்பான்? இப்ப ஒன் ஜாக்கெட்டுதான் முக்கியமாக்கும்!"

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அந்த வாயில் ஒரு துண்டுக் கருப்பட்டியைத் திணித்து, "எப்பிடி இருக்கு?" என்றார்.

துலாபாரத்தன்று வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கொண்டுபோன மூட்டைகளில் பாதியாவது திரும்பும் என்று வண்டிக்காரனைக் காத்திருக்கச் சொன்னார். தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்தார். தட்டு அவ்வளவாகத் தாழவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு வீரபாகு சிரித்தார்.

பின்னால் மூச்சு வாங்க வந்து நின்ற செல்லத்தாயிடம் ஏதோ கேட்டுவிட்டு, தராசுக்காரர் வீரபாகுவின் தோளைத் தொட்டார்.

"எறங்குங்க அண்ணாச்சி. 'அவரை விட்டுரு முருகா, பதிலுக்கு என்னைய நிறுத்து எடுத்துக்கோ'ன்னு அம்மா அவங்க எடைக்குத்தான் நேந்திருக்காங்களாம்."