உருளைக்கிழங்கு வெயில்

ராத்திரி காயப்போட்டபோது இருந்ததைவிடக் காலையில் கூடுதலாக நனைந்திருந்தது கல்யாணக் கவுன்.

"நல்லா பிழிஞ்சுதானே போட்டேன்?" என்றாள் யூலெய்சி, மொட்டை மாடிக் கொடியைப் பார்த்தபடி.

"ஆகஸ்ட் மாசம் லீமாவுல கொடியில போட்டா துணி காயாதும்மா. தண்ணி குடிக்கும்," என்றாள் எர்லிந்தா. மாப்பிள்ளை பெர்சியின் அம்மா. இன்னும் மூன்று மணி நேரத்தில் யூலெய்சிக்கு மாமியார்.

வானம் என்று ஒன்று இல்லை. அழுக்குப் பஞ்சை ஊர் நீளத்துக்கு விரித்த மாதிரி ஏதோ ஒன்று, கையை உயர்த்தினால் தொட்டுவிடுகிற உயரத்தில் இருந்தது. மழையும் இல்லை. மழையென்றால் குடை பிடிக்கலாம். இது விழவே விழாமல், சும்மா காற்றிலேயே நின்றுகொண்டு ஆளை நனைக்கிற ஈரம்.

கவுனை நேற்று ராத்திரி துவைத்திருக்கவே வேண்டாம். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபோது இடுப்புப் பக்கம் பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. இரண்டு வருஷமாகியும் யூலெய்சி பெட்டியைப் பிரித்து அடுக்கவில்லை. அலமாரி வாங்குவது, சுவருக்கு வண்ணம் அடிப்பது, பக்கத்து வீட்டுக்காரர்களோடு பழகுவது, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான். "வெயில் வரட்டும்."

கல்யாணத்துக்கும் அதுவேதான். ஜூனில் குறித்த நாளை ஜூலைக்குத் தள்ளினாள். ஜூலையை ஆகஸ்டுக்குத் தள்ளினாள். இனி தள்ள முடியாது. நகராட்சியில் கொடுத்த மருத்துவச் சான்றிதழ் முப்பது நாளுக்குத்தான் செல்லும். இன்றோடு சரி.

பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து. அதுகூடப் பெரிய விஷயமில்லை. பதினொரு மணிக்கு அம்மா வீடியோவில் வருவாள். பயமெல்லாம் அதற்குத்தான்.

யூலெய்சியின் ஊர் மரக்காய்போ. வெனிசுவேலாவில் நிழலுக்கும் வேர்க்கிற ஊர். அவள் இங்கே வந்து இறங்கியது ஒரு ஜனவரியில், இந்த ஊர்க் கோடையின் உச்சத்தில். முதல் போனிலேயே அம்மா நெரெய்தா கேட்டது ஒன்றே ஒன்று.

"அங்க வெயில் உண்டா?"

கேட்டதற்குக் காரணம் இருந்தது. அம்மாவின் தங்கை மாய்குவாலிதா மலை ஊர் ஒன்றுக்கு வேலைக்குப் போய், அங்கே நெஞ்சில் சளி கட்டி ஒரே வருஷத்தில் செத்துப்போனாள். அன்றிலிருந்து அம்மாவுக்குக் குளிர் என்பது ஒரு வியாதியின் பெயர்.

"உண்டும்மா. நம்ம ஊர் மாதிரியேதான் கொளுத்துது."

அன்றைக்கு அது உண்மை. மே மாதத்தோடு உண்மை தீர்ந்துபோனது. பொய்யை நிறுத்தத்தான் வழி தெரியவில்லை. ஜனவரியில் எடுத்து வைத்த கடற்கரை வீடியோக்களை வாரத்துக்கு ஒன்றாக அனுப்பிக்கொண்டிருந்தாள். வீடியோவில் பேசும்போது மேலே கையில்லாத பனியன். போனில் தெரியாத கீழ்ப் பாதியில் இரண்டு பேன்ட், மூன்று ஜோடி காலுறை. பல் கிட்டிக்கும்போதெல்லாம் சிரித்துச் சமாளித்தாள். 'என் பொண்ணு எப்பவும் சிரிச்ச முகம்' என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

மரக்காய்போப் பிள்ளைகள் போனை எடுத்ததும் ஹலோ சொல்வதில்லை. "ஆசீர்வாதம், அம்மா" என்பார்கள். "கடவுள் ஆசீர்வதிக்கட்டும்" என்று அந்தப் பக்கம் சொன்ன பிறகுதான் மற்றப் பேச்சு. கடைக்குப் போகவே அதை வாங்கிக்கொண்டு போகிறவள், கல்யாணத்துக்கு வாங்காமல் போவாளா? ஆனால் அம்மா இந்த வானத்தைப் பார்த்துவிட்டால் ஆசீர்வாதம் வராது. "கிளம்பி வா"தான் வரும்.

"அத்தை, இப்ப என்ன பண்றது?"

"ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி போடு. நான் பெர்சி அப்பா சட்டையெல்லாம் அப்படித்தான் காயவைப்பேன்."

ஃப்ரிட்ஜின் முதுகு கதகதவென்றுதான் இருந்தது. அரைமணி கழித்து எடுத்துப் பார்த்தபோது கவுன் பாதி காய்ந்திருந்தது. கூடவே, பல வருஷத் தூசியெல்லாம் கம்பி கம்பியாக முதுகில் கறுப்புக் கோடு போட்டிருந்தது.

"அத்தை! கறி சுடுற கம்பி மேல வெச்சு எடுத்த மாதிரி இருக்கு!"

"சட்டைன்னா உள்பக்கம் திருப்பிப் போடுவேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

மறுபடி துவைத்தார்கள். மறுபடி முழு ஈரம். மணி பத்து.

அப்போது பெர்சி உள்ளே வந்தான். கல்யாணக் கோட்டு, கழுத்தில் டை, தோளில் ஆளுயர இரும்புத் தண்டு. அதன் நுனியில் தட்டு மாதிரி கவிழ்ந்த பெரிய விளக்கு.

"என்னடா இது?" என்றாள் எர்லிந்தா.

"வெயில்." பெர்சி அதை நடு வீட்டில் நிறுத்தினான். அவன் வேலை பார்ப்பது சுட்ட கோழிக் கடையில். "பொரிச்ச உருளைக்கிழங்கு ஆறிடாம இருக்க மேல தொங்கவிடுவோம்ல, அதான். முதலாளிகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். மாடியில இதை நிறுத்தி, பின்னாடி மஞ்சள் போர்வை ஒண்ணைக் கட்டினோம்னா அம்மாவுக்கு ஜனவரி மாதிரியே தெரியும்."

யூலெய்சிக்கு அழுகையே வந்துவிட்டது. "பெர்சி, நீ தங்கம்!"

"சரி சரி. தங்கம் மேல கோழி வாசனை வருது, கண்டுக்காதே."

அவன் விளக்கை மாடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். இவள் சமையலறை மேசையில் கவுனை விரித்து இஸ்திரி போட்டாள். புஸ்ஸு புஸ்ஸென்று ஆவி எழுந்தது. பத்தரைக்குக் கவுன் காய்ந்தேவிட்டது. மொரமொரவென்று, கதகதப்பாக, ஊரில் வெயிலில் காய்ந்த துணி மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தாள்.

"நில்லு!" எர்லிந்தா இரண்டு கையையும் விரித்துப் படியை மறித்துக்கொண்டாள். "எங்க போற? இஸ்திரி போட்ட சூட்டோட சாரல்ல போவியா? வாய் கோணிக்கும்!"

யூலெய்சி காலைப் பின்னுக்கு இழுத்தாள். மற்ற எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் மரக்காய்போவும் லீமாவும் ஒரே கட்சி. இஸ்திரி போட்டவள் உடனே குளிரில் போனால் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். அவள் அம்மாவும் இஸ்திரி போட்ட அன்றைக்கு ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கமாட்டாள்.

"எத்தனை நேரத்துக்குப் போகக்கூடாது, அத்தை?"

"எங்க பெரியம்மா பொண்ணு ரெண்டு மணி நேரம் உள்ளதான் இருந்தா. அப்பவும் இடது கண்ணு இன்னிக்கு வரைக்கும் மூட மாட்டேங்குது. எதுக்கும் தலையில துண்டைச் சுத்திக்கோ."

துண்டைச் சுற்றிக்கொண்டாள். மாடியிலிருந்து பெர்சி கத்தினான். "சீக்கிரம் வாங்க! பக்கத்து மாடி நாய் இங்க தாவி வந்து விளக்கை நக்கிக்கிட்டிருக்கு!"

"அவ வரமாட்டா! உன் வெயிலைக் கீழ எடுத்துட்டு வா!"

பெர்சி விளக்கைச் சுமந்துகொண்டு, நாயைக் காலால் தள்ளிக்கொண்டு இறங்கினான். யூலெய்சியின் ஜன்னலில்லாத அறையில் மஞ்சள் போர்வையைச் சுவரில் அடித்தார்கள். பிளக் மாட்ட இடம் தேடினார்கள். ஃப்ரிட்ஜுடையதைத் தவிர வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிறது அறை வாசலை ஒட்டிய சமையலறைச் சுவரில் ஒரே ஒரு இடம்தான். அங்கே ஏற்கெனவே இஸ்திரிப் பெட்டி சொருகியிருந்தது, அணைக்க மறந்துபோய். பெர்சி பக்கத்து ஓட்டையில் விளக்கைச் சொருகினான்.

ஒரு விநாடி அறையில் ஜனவரி வந்தது.

பிறகு படாரென்று ஒரு சத்தம். ஜனவரி போய்விட்டது. ஃப்ரிட்ஜ் முனகி நின்றது. சுவருக்குள்ளிருந்து ரப்பர் கருகும் வாசனை வந்தது.

"ஃப்யூஸா?" என்றாள் யூலெய்சி இருட்டில்.

பெர்சி சுவரை முகர்ந்து பார்த்தான். "ஃப்யூஸ் இல்ல. வயரே போச்சு."

மணி பத்து ஐம்பது. கல்யாணக் கவுன், தலையில் துண்டு, கண்ணில் தண்ணீர். யூலெய்சி கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு வெச்சுக்கலாமா, பெர்சி?"

அவன் டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டான்.

"யூலி, ஒண்ணு கேக்கறேன். நீ கட்டிக்கப்போறது என்னையா, வெயிலையா?"

"இது என்ன பேச்சு?"

"ரெண்டு வருஷமா பாக்கறேன். நீ இங்க இருக்கறதே இல்ல. பெட்டி கட்டினபடியே இருக்கு. டிசம்பர் வந்தா அப்பதான் லீமாவுக்கு வந்து சேர்ந்த மாதிரி சிரிக்கறே. மே வந்தா மறுபடி காணாமப் போயிடறே. வருஷத்துல ஏழு மாசம் இந்த ஊர் இப்படித்தான். நான் இந்தச் சாம்பல்லதான் பொறந்தேன், இதுலதான் பள்ளிக்கூடம் போனேன். உன்னை முதல்ல பாத்ததும் இதுலதான். பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தே, முடியெல்லாம் பொடிப்பொடியா தண்ணி. அதை நீ எந்த வீடியோவுலயும் காட்டினதில்ல."

"அம்மா பயந்துடுவாங்க."

"அம்மா பயப்படறாங்களோ இல்லையோ, நீ பயந்துட்டே இருக்கே."

சமையலறையில் ஏதோ பாத்திரத்தை எர்லிந்தா தேவையே இல்லாமல் கழுவிக்கொண்டிருந்தாள். காதெல்லாம் இங்கே.

போன் அடித்தது. திரையில் அம்மா.

அறையில் மஞ்சள் போர்வைகூட இருட்டாக இருந்தது. வெளிச்சம் இருந்த ஒரே இடம் மேலே. யூலெய்சி போனைப் பார்த்தாள், பெர்சியின் கையில் சுற்றிய டையைப் பார்த்தாள். எழுந்தாள். துண்டை அவிழ்த்துக் கட்டிலில் போட்டுவிட்டுப் படியேறினாள்.

"பொண்ணே, வாய்!" என்று பதறினாள் எர்லிந்தா. "முகத்தையாவது மூடிக்கோ!"

"கோணினா கோணட்டும், அத்தை. அப்படியே கையெழுத்துப் போடறேன்."

மாடியில் சாரல் அவள் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. இத்தனை நாளும் அவள் இதைத் தலையைக் குனிந்துகொண்டே கடந்திருக்கிறாள். இன்றைக்குத்தான் நிமிர்ந்து நின்றாள். ஊசி மாதிரி குத்தும் என்று நினைத்திருந்தாள். குத்தவில்லை. யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. எதிர் மாடிகளில் ஊரே துணி காயப்போட்டிருந்தது, காயாது என்று தெரிந்தே. கீழே கஷாய வண்டிக்காரரைச் சுற்றி ஐந்தாறு பேர் சூடான கண்ணாடிக் குவளையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு எதற்கோ சிரித்தார்கள். யாரும் டிசம்பருக்காகக் காத்திருக்கிற மாதிரித் தெரியவில்லை.

போனை எடுத்தாள்.

"ஆசீர்வாதம், அம்மா."

அந்தப் பக்கம் ஒரே இருட்டு. ஜன்னல் கதவெல்லாம் சாத்தியிருந்தது. அம்மாவின் முகம் மங்கலாக, பளபளவென்று தெரிந்தது. "கல்யாணப் பொண்ணு! எங்க, கவுனைக் காட்டு! என்னடி, உன் பின்னாடி என்ன அது? புகையா? வீடு எரியுதா?"

"இல்லம்மா. அதுதான் லீமா." போனைத் தலைக்கு மேலே உயர்த்தி வானத்தைக் காட்டினாள், கொடிகளைக் காட்டினாள், சொட்டுகிற கம்பியைக் காட்டினாள். "இங்க வெயில் இல்லம்மா. மே மாசம் போனா டிசம்பர்லதான் வரும். நான் அனுப்பினதெல்லாம் பழைய வீடியோ. எப்பவும் இப்படித்தான் இருக்கும், ஈரமா, குளிரா. ரெண்டு வருஷமா உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். ஆனா நான் சாகலம்மா. நல்லாத்தான் இருக்கேன். இங்கதான் இருக்கப்போறேன். பெர்சி இங்கதான் இருக்கான். நீ கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல, ஆசீர்வாதத்தை மட்டும் கொடுத்துடு."

அம்மாவின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. படம் அப்படியே உறைந்து நின்றது.

"அம்மா? அம்மா!"

பெர்சி படியேறி வந்து அவள் பக்கத்தில் நின்றான். டையை மறுபடி கட்டியிருந்தான், கோணலாக. எர்லிந்தா படிக்கட்டு வாசலில் மூக்கை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவள் பார்வை மருமகளின் வாய் மேலேயே இருந்தது.

போனில் கரகரவென்று ஏதோ கேட்டது. நாற்காலிகளை இழுக்கிற சத்தம். குசுகுசுப் பேச்சு. "தள்ளி உக்காருங்க" என்று யாரோ சொன்னார்கள். யாரோ விம்மினார்கள், அல்லது பெருமூச்சு விட்டார்கள். யூலெய்சி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிடும்மா. திட்டறதா இருந்தாலும் திட்டிடு."

படம் மெல்ல அசைந்தது. திரையில் அம்மா இல்லை. பக்கத்து வீட்டு ஓமைராவின் வேர்வை வழிகிற பெரிய முகம் ஒட்டிக்கொண்டு நின்றது.

"உங்கம்மா ஆசீர்வாதமெல்லாம் பண்ணி முடிச்சாச்சு, கண்ணு, நீ மட்டும் கொஞ்சம் ஓரமா நகந்துக்கோ, நாலு நாளா கரண்ட் இல்லாம வெந்துபோய் தெருவே இங்க வந்து உக்காந்திருக்கு, உன் தலை அந்தச் சாரலை மறைக்குது!"