இரண்டு லைனும் ஒரு நாற்பதும்

காய்ச்சலை அளப்பவர்கள் உண்டு, மழையை அளப்பவர்கள் உண்டு. நான் சொல்லப்போவது இன்டர்நெட்டை அளக்கும் இனத்தைப் பற்றி. இவர்கள் அதில் படம் பார்க்கமாட்டார்கள், பாட்டுக் கேட்கமாட்டார்கள். அளப்பார்கள்.

யாழ்ப்பாணத்து இணுவில் கேதீஸ்வரனைப் பாருங்கள். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். வீட்டிலிருந்த இருபது மெகா இணைப்புப் போதாதென்று வேறொரு கம்பனியிடம் இன்னொரு இருபதை எடுத்து, இரண்டையும் சேர்க்கும் பெட்டியொன்றைச் சுவரில் பூட்டி, போனில் அளந்தார். இருபதுதான் காட்டியது. கணித ஆசிரியர் பொறுப்பாரா? வயர்களைக் கழற்றிப் பூட்டினார், பெட்டியைக் கிழக்குப் பார்க்க வைத்தார், மாமரம் மறைக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, காய்த்திருந்த கொப்பொன்றைத் தறித்தார். இருபது!

கம்பியூட்டர் வேலை தெரிந்த பக்கத்து வீட்டுப் பிரகாஸ் வந்து பார்த்தார்.

"அண்ணை, ஒரு போன் ஒரு லைனாலைதான் போகும். ரெண்டு லைன் எண்டால் ரெண்டு பேர் நெருக்குப்படாமல் போகலாம். ஒராள் ரெண்டு மடங்கு வேகமாப் போகேலாது."

"அப்ப என்ரை நாற்பது எங்கை?"

"ரெண்டு போனிலை ஒரே நேரத்திலை அளந்து கூட்டிப் பாருங்கோவன்."

சொல்லியிருக்கக்கூடாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மகள் வினோஜாவுக்குக் கொழும்புக் கம்பனியொன்றின் நேர்முகத் தேர்வு, வீடியோவில். எட்டு மாதம் விண்ணப்பித்து முதன்முதலாக வந்த அழைப்பு. மனைவி குணலட்சுமி மிக்சியைக்கூடப் போடவில்லை. உள்ளே வினோஜா தன் திறமைகளைச் சொல்லத் தொடங்க, கேள்வி கேட்டவர் வாயைப் பிளந்தபடி திரையில் உறைந்தார்.

அதே கணம், இரண்டு லைனையும் முழுதாக விழுங்கி அளந்துகொண்டிருந்த இரண்டு போன்களோடு, விறாந்தையில் ஒரு வெற்றி முழக்கம்.

"இதிலை இருபது, அதிலை இருபது! இஞ்சேர், நாற்பது வந்திட்டுது!"

"அப்பா, நிப்பாட்டுங்கோ! அவர் அசையிறாரில்லை!"

"பொறு பிள்ளை, இன்னொருக்கா அளந்து உறுதிப்படுத்திறன்."

வினோஜா பொறுக்கவில்லை. மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்து, வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் புகுந்து, பிரகாஸ் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். அங்கே இருப்பது பழைய பத்து மெகா லைன். யாரும் அளப்பதில்லை. வேலை கிடைத்தது.

"நான் லைனை நாற்பதாக்கினபடியாலைதான் பிள்ளைக்கு வேலை" என்று கேதீஸ்வரன் இன்றைக்கும் கனடாவிலுள்ள சொந்தங்களுக்குப் போன் எடுத்துச் சொல்கிறார். குணலட்சுமி அந்நேரம் எழுந்து குசினிக்குப் போய்விடுவார்.

சிரிக்கிறீர்கள். அதுசரி, உங்கள் வீட்டில் எவ்வளவு காட்டுகிறது? கேட்டு முடிக்குமுன்னரே எண் வாய்க்குள் வந்துவிட்டதென்றால், அந்தப் போனை மெல்லக் கீழே வையுங்கள். அறைக்குள் யாரோ முக்கியமாகக் கதைத்துக்கொண்டிருக்கலாம்.