மேனேஜர் மாற்றாத ஸ்ட்ரைக்கர்

மனித நாகரிகம் விசுவாசத்தினால்தான் நிலைத்து நிற்கிறது என்பதை நிரூபிக்க இனி யாரும் புராணங்களைப் புரட்ட வேண்டியதில்லை. பல்லடம் சாலையில் உள்ள எங்கள் நூற்பாலைக்கு வந்து, மனமகிழ் மன்றத்தின் கேரம் போர்டுக்கு முன்னால் மேனேஜர் குமாரசாமி அவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் போதும். அவர் ஸ்ட்ரைக்கரை மாற்றுவதே இல்லை. கார் மாற்றியிருக்கிறார். குலதெய்வக் கோயில் பூசாரியை மாற்றியிருக்கிறார். தேர்தலுக்குத் தேர்தல் துண்டின் கரையை மாற்றியிருக்கிறார். ஸ்ட்ரைக்கர் மட்டும் அவர் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. நடப்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் வருடம். அவருக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

மன்றச் செயலாளன் என்ற முறையில் அந்தப் பொருளைப் பற்றிச் சில உண்மைகளைச் சொல்வது என் கடமை. ஒரு காலத்தில் அது வெள்ளையாக இருந்ததாம். இப்போது பழைய வேட்டியில் சாம்பார் சிந்திய நிறம். விளிம்பில் ஒரு பக்கம் சில்லு பெயர்ந்திருக்கிறது. அதனால் எப்படி அடித்தாலும் இடது பக்கம் ஒதுங்கும். மேனேஜர் அதற்கேற்ப வலது பக்கம் குறி வைக்கப் பழகிக்கொண்டார். சிறியோர் கருவியைத் திருத்துவர். பெரியோர் குறியைத் திருத்துவர்.

"சார், புதுசு ஒண்ணு வாங்கிறலாங்களா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க செயலாளரே, உங்க ஊட்டுக்காரம்மாளுக்கு ஒரு பல்லு உளுந்துபோச்சுன்னா, வேற ஊட்டுக்காரம்மா பாப்பீங்களா?"

அன்று மாலையே செயற்குழு கூடி, அந்த ஸ்ட்ரைக்கரை மன்றத்தின் 'பாரம்பரியச் சொத்து' என்று ஒருமனதாகத் தீர்மானித்தது.

இரட்டையர் ஆட்டத்தில் மேனேஜருக்கு ஜோடியாக எதிரே உட்காருபவன் ஆறுச்சாமி. நூற்புப் பிரிவில் தற்காலிகத் தொழிலாளி. மேனேஜர் கலைத்துப்போடும் காய்களை அவன் சத்தமில்லாமல் குழிக்குள் அனுப்புவான். வெற்றிக்கு மாலை மேனேஜருக்கு விழும்.

தற்காலிகத் தொழிலாளிகளிடம் எங்கள் ஆலைக்குத் தனிப் பரிவு உண்டு. நிரந்தரம் கேட்கும் தகுதி நெருங்கும்போது, "உடம்பைப் பாத்துக்கப்பா" என்று கேட்டிலேயே நிறுத்தி ஓய்வு கொடுத்துவிடுவோம். சில வாரம் கழித்துப் 'புது ஆள்' என்று சேர்த்துக்கொள்வோம். ஆறுச்சாமிக்குக் காதோரம் நரைத்துவிட்டது. இன்னும் எங்களுக்குப் புது ஆள்தான்.

இந்த வருடம் மேனேஜரே வாய் திறந்தார். "ஆறுச்சாமி, பெருந்துறைப் போட்டியில கப்பு மட்டும் அடிச்சுப்போட்டமுன்னா, உன்னையப் பர்மனென்ட் பண்றதுக்கு மொதலாளிகிட்ட நானே பேசறேன் கண்ணு."

அன்றிலிருந்து அவன் விரல் ஓயவில்லை. அவன் மனைவி செவ்வந்தி எங்கள் ஆலையில்தான் கோனில் நூல் சுற்றுகிறாள். "தூக்கத்துல என்ற நெத்தியில சுண்டறாருங்க. கேட்டா, ரெட்டுங்கறாரு," என்று என்னிடம் புகார் செய்தாள். பொட்டு வைப்பதையே நிறுத்திவிட்டாளாம்.

பெருந்துறையில் இறுதியாட்டம் வரை வந்துவிட்டோம். இறுதியாட்டத்துக்கு மட்டும் நடுவர் ஸ்ட்ரைக்கரைச் சோதிப்பது அங்கே வழக்கம். நடுவர் ரசாக், மேனேஜரின் ஸ்ட்ரைக்கர் விளிம்பில் விரலை ஓட்டினார்.

"இது செல்லாதுங்க. ஓரம் பேந்திருக்குது. இதுல ஆடுங்க." பளபளவென்று புதியது ஒன்றை நீட்டினார்.

மேனேஜர் ஒத்திகையாக ஒன்று அடித்தார். ஸ்ட்ரைக்கர் வலது குழிக்குள் தானே போய் விழுந்தது. மறுபடி அடித்தார். மறுபடி அதே குழி.

"ஏனுங்க ரசாக் பாய், இது நேராப் போகுதுங்க!"

"ஸ்ட்ரைக்கருன்னா நேராத்தானுங்க போகோணும்."

"அதெப்படிங்க? நான் இத்தன வருசமா ஆடறேன், ஒருநாளும் நேராப் போனதில்லீங்களே."

ஆறுச்சாமி எழுந்து வந்து மேனேஜரின் நாற்காலி அருகே குனிந்தான். "சார், நீங்க எங்க வேணும்னாலும் அடிங்க. கூரையில அடிச்சாலும் செரி. காயை நான் போட்டுக்கறேன். நீங்க சும்மா உக்காந்தாப் போதுங்க சார்."

மேனேஜர் புதிய ஸ்ட்ரைக்கரைப் பலகையின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தார். ஆறுச்சாமி குனிந்தபடியே நின்றான். அந்தத் தள்ளலில் ஒரு தத்துவம் கருக்கொள்வதை நான் உணர்ந்தேன்.

"இல்லப்பா," என்று பழைய ஸ்ட்ரைக்கரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பழகுனதக் கைவுடறது நம்ம கொணமில்ல."

கோப்பை வேறு ஆலைக்குப் போனது.

தோற்றவர்களுக்கு விழா எடுக்கும் பெருந்தன்மை எங்களுக்கு உண்டு. அடுத்த சனிக்கிழமை மன்றத்தில் மேனேஜருக்குப் பொன்னாடை போர்த்தினோம். வாழ்த்துரையை நான் வாசித்தேன்: "தேய்ந்தது, குறைபட்டது என்று எதையும் தூக்கி எறியாத தாயுள்ளம்..." மேனேஜர் பொன்னாடை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது செவ்வந்தி வாசலில் வந்து நின்றாள். "சார், காலையில அவரைக் கேட்டுலயே நிறுத்திப்போட்டாங்க. மறுக்காவும் ஓய்வாமுங்க."

"அது ஆபீஸ் நடைமுறை அம்மணி. கப்பு வந்திருந்தா மொதலாளிகிட்டப் பேசியிருப்பேன். எந்த மொகத்தோட இப்பப் பேசறது? அடுத்த மாசம் புது ஆளா வரச் சொல்லுங்க."

"அவரும் உங்களுக்குப் பழகுன ஆளுதானுங்களே சார்?"

கூட்டம் மேனேஜரைப் பார்த்தது. அவர் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"செயலாளரே, நாளைக்கு எதுத்தாப்புல உக்கார வேற யாரையாச்சும் கூட்டியாங்க. ஸ்ட்ரைக்கரு போச்சுன்னா எங்கீங்க தேடறது? ஆளுன்னா, கேட்டத் தொறந்தா நிக்கறான்."

மன்றம் எழுந்து நின்று கைதட்டியது.